எல்வி அக்கா பார்க்காத காடு

எல்வி அக்கா எனக்கு என்ன முறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சைமியின் மூத்த அண்ணன் நெஸ்தோரி. அவருடைய மனைவி எல்வி. மொய்லானென் வீட்டில் பிறந்தது ஏழு பேர், வளர்ந்து ஆளானது ஐந்து பேர். அதில் மூத்தவர் நெஸ்தோரி, கடைக்குட்டி சைமி. எல்வி ஏரிக்கு அந்தப் பக்கம் லெய்னோனென் வீட்டு மூன்றாவது பெண். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே பாதிரியாரிடம் ஒரே வருடம் மறைக்கல்வி படித்தவர்கள். அந்த வகையிலும் எனக்கு அக்கா, மச்சான் மனைவி என்ற வகையிலும் அக்கா.

எங்கள் குடும்பத்தில் காட்டுக்குப் போகாத ஆள் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களுக்கு வருடம் முழுவதும் அதுதான் வேலை, அதுதான் விளையாட்டு. மார்ச் மாதம் ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டு, குடும்பத்தோடு மான்தோல் விரித்து உட்கார்ந்து மீன் பிடிப்போம். ஏப்ரலில் பனிப்பொருக்கு மேல் நடப்போம். ஜூலைக் கடைசியில் சதுப்பில் ஹில்லாப் பழம் பொறுக்குவோம், தங்க நிறத்தில் இருக்கும், கொசு நம்மைத் தின்னும், நாம் பழத்தைத் தின்போம். செப்டம்பரில் காளான். அதற்குப் பிறகு முயல். எல்லாவற்றுக்கும் நெஸ்தோரி மச்சான்தான் தலைவர். அவர் முன்னால் நடப்பார், பின்னால் தம்பி தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், அவர்கள் நாய்கள்.

எல்வி அக்கா வாசற்படியில் நின்று கை காட்டுவார். மீனை உள்ளே வைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டி, வெண்ணெய், காப்பித்தூள், உப்பு எல்லாம் ஒரு பையில் கட்டி என் தோளில் மாட்டிவிடுவார். அவருக்கு ஐந்து மாடு. காலை நாலரைக்குக் கறக்க வேண்டும், சாயங்காலம் நாலரைக்குக் கறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வைக்கோல், தண்ணீர், சாணம், வெண்ணெய். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

நான் வியந்தது இதுதான்: போகாத அவருக்குத்தான் காடு நன்றாகத் தெரியும். நாங்கள் திரும்பி வந்ததும் கூடையை வாங்கி மோந்து பார்ப்பார். காலணியில் ஒட்டிய பாசியைக் கிள்ளிப் பார்ப்பார். போதும்.

ஒரு ஜூலையில் நானும் மச்சானும் புதிதாக ஒரு ஹில்லா இடம் கண்டுபிடித்தோம். எங்கள் பக்கத்தில் ஹில்லா இடத்தை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்கும் சொல்வதில்லை, மரணப் படுக்கையில் மகனுக்குச் சொன்னால் உண்டு. நாங்களும் கை அடித்துச் சத்தியம் செய்துகொண்டு, ஊரைச் சுற்றி வேறு வழியாக வீடு வந்தோம். எல்வி அக்கா கூடையை மோந்தார்.

"குர்கி ஓடைக்கு மேல, எரிஞ்ச மேட்டுக்குத் தெக்கால. சரியா தம்பி?"

மச்சான் என்னை முறைத்தார். "மாப்ளே, நீ சொன்னியா?"

"நான் உங்க கூடத்தானே மச்சான் இருந்தேன்."

"அவன் ஒண்ணும் சொல்லல. பழத்துல சதுப்புப் பூ வாசனை அடிக்குது, உங்க சட்டையில கரி இருக்கு. கரியும் அந்தப் பூவும் ஒண்ணா இருக்கிற எடம் அது ஒண்ணுதானே? நீங்கதான எனக்கு இருபது வருசமா அதைச் சொல்லிட்டு இருக்கீங்க."

அதற்குப் பிறகு மச்சான் காலணியை ஓடையில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அப்படியும் பாதி நாள் மாட்டிக்கொள்வார்.

ஆனால் மோந்து தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இருந்தது. வீட்டுக்கு மேற்கே ஹெய்னாசுவோ என்கிற பெரிய சதுப்பு. ஏப்ரல் மாத விடிகாலையில் அதன் நடுவிலிருந்து ஒரு சத்தம் வரும். பெரிய சட்டியில் உருளைக்கிழங்கு கொதிக்கிற மாதிரி, மூடி தடதடக்கிற மாதிரி. கருஞ்சேவல்கள் கூடி ஆடுகிற சத்தம் அது. காட்டுக்கோழி இனம்தான், ஆண் பறவை கறுப்பு. மூன்று கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில், பால் வாளியோடு முற்றத்தில் நின்று எல்வி கேட்டாராம்:

"அங்க யாரு வீட்டுல இவ்ளோ பெரிய சட்டி வச்சிருக்காங்க?"

"உன்னக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன். இந்த ஏப்ரல் இல்லன்னா அடுத்த ஏப்ரல்," என்றார் நெஸ்தோரி.

அடுத்த ஏப்ரலில் பெரியவள் பிறந்து மூன்று வாரம். அதற்கு அடுத்து போர். மச்சான் போரிலிருந்து வந்த பிறகு, கட்டை மிதக்கவிடும் வேலைக்கு ஏப்ரல் கடைசியிலேயே ஆற்றுக்குப் போய்விடுவார். அதோடு, சேவல் ஆடுகிற நேரமும் மாடு கறக்கிற நேரமும் ஒன்றே. நாற்பத்தோரு ஏப்ரல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்வி அக்கா கறந்தார். எத்தனை சேவல், எந்தச் சேவல் கிழம் என்றெல்லாம் சத்தத்தை வைத்துச் சொல்வார். இறகைக்கூடப் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவருக்கு இடுப்பு முறிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மாடுகளை விற்றார்கள். குளிர்காலத்தில் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்றார்கள். பிழைத்து எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களும் உண்டு. மறைக்காமல் சொன்னார்கள்.

எல்வி அக்கா காப்பியைக் கலக்கியபடி மச்சானிடம் சொன்னார்: "நான் செத்தா சாகறேன். ஆனா அந்தச் சட்டிக்குள்ள என்ன வேகுதுன்னு பாக்காம சாகணுமா?"

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். விறகு பிளக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து என்னைப் பார்த்து, "மாப்ளே, பொருக்கு எப்படி இருக்கு?" என்றார்.

பொருக்கு என்றால் எங்கள் ஊரில் அது ஒரு தனிப் பருவம். பகலில் வெயில் பனியின் மேல்பக்கத்தை உருக்கும், இரவுக் குளிர் அதை உறைய வைக்கும். விடிகாலையில் பனிமேல் ஓடு மாதிரி ஒரு பொருக்கு நிற்கும். வேலி, ஓடை, புதர், சதுப்பு எல்லாம் அதற்குக் கீழே போய்விடும். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், குதிரையே நடக்கும். பத்து மணி வரைக்கும்தான். பிறகு வெயில் ஏறும், ஓடு இளகும், இடுப்பளவுப் பனியில் இறங்கிவிடுவோம். அந்தச் சதுப்புக்குப் பாதை கிடையாது. நடக்க முடியாத ஒருவர் அங்கே போக வருடத்தில் இந்தப் பத்துப் பதினைந்து விடியல்தான் உண்டு. உதைவண்டியில் உட்கார வைத்துப் போகலாம். நீளமான இரண்டு இரும்புச் சறுக்கு மேல் ஒரு நாற்காலி, பின்னால் நிற்கிறவர் ஒரு காலால் உதைத்துத் தள்ளுவார், அதுதான் உதைவண்டி.

சேவல் வருவதற்கு முன் போய் ஒளிந்து உட்கார வேண்டும். இரவு இரண்டுக்குக் கிளம்புவதாகத் திட்டம். நாலு மணிக்குத்தான் கிளம்பினோம். எல்வி அக்கா பை கட்டிக்கொண்டிருந்தார். மீன் ரொட்டி, வெண்ணெய், உப்பு. உடுத்தும்போது நெஞ்சு பிடித்தது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அரைமணி படுத்தார். பிறகு எழுந்து, பையை என் தோளில் மாட்டி, வாசற்படியில் நின்று கை காட்டினார்.

"பத்திரமாப் போயிட்டு வாங்க."

சைமி சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, நீங்கதான் போறீங்க."

அக்கா தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பழக்கம்டி," என்றார்.

நால்வரும் போனோம். மச்சானும் நானும் மாற்றி மாற்றித் தள்ளினோம், சைமி மான்தோலையும் கோடரியையும் இன்னொரு வண்டியில் தள்ளினாள். நாற்பது வருடமாக மச்சானுக்கு ஒரு விதி உண்டு: பொருக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பனிச்சறுக்குக் கட்டை இல்லாமல் போகக்கூடாது. அன்று தள்ளக் கை வேண்டியிருந்தது. கட்டைகள் தொழுவச் சுவரில் சாய்ந்தபடி நின்றுவிட்டன.

போகப்போக, முன்பின் பார்க்காத இடத்தில் அக்கா வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

"இப்ப வலது பக்கம் நுனி பிளந்த ஒரு பட்ட பைன் வரணும். உங்க தம்பி லாஸ் பருந்துக் கூடு பாத்தானே, அது."

வந்தது.

"அதைத் தாண்டி ஒரு பள்ளம். நெஸ்தோரி காலை ஒடைச்சுக்கிட்டது."

"ஒடையல, சுளுக்குத்தான்," என்றார் மச்சான்.

"ஆறு வாரம் படுத்தீங்க. மாட்டுக்குத் தண்ணி யாரு தூக்குனா?"

நடுச் சதுப்புக்கு அஞ்சேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசிச் சரிவில் சறுக்கு இரும்பு பொருக்கில் கீச்சிட்டது. அவ்வளவுதான். நூறு கஜத்துக்கு அப்பால் கறுப்பாக என்னென்னவோ எழுந்தன, சிறகு அடித்த சத்தம் ஒரு நொடி, பிறகு வெறும் வெளி. பனியில் சிறகு இழுத்த கோடுகளும் ஓர் இறகும் கிடந்தன.

மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டார். அக்கா அந்த இறகை வாங்கி மோந்து பார்த்தார்.

"சட்டி இருக்கு, கொழம்பு தீந்துபோச்சு," என்றார். "பரவால்ல. அடுப்பாவது பாத்தேன்."

சதுப்பின் நடுவே பைன் மரம் நிற்கும் ஒரு மேடு உண்டு. அங்கே தோல் விரித்து நெருப்பு மூட்டினோம். சூரியன் ஏறியது. பனி முழுக்க நீலமும் ரோஜா நிறமுமாக ஆகி, பிறகு கண்ணைத் திறக்க முடியாத வெள்ளையானது. அக்கா உட்கார்ந்து நாலு திசையும் பார்த்தார். நாங்கள் சொல்லிச் சொல்லி அவர் மனதில் கட்டி வைத்திருந்த காட்டை, இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து ஒத்துப் பார்ப்பது போலிருந்தது. ஒருமுறை மட்டும், "இவ்ளோ பெருசுன்னு நீங்க யாரும் சொல்லவே இல்லையே," என்றார். எங்களுக்கே அன்றுதான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு வெயிலில் தூங்கிவிட்டார். பத்துக்கு மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை பேரை இந்தப் பத்து மணிக்காக அவர் திட்டியிருக்கிறார், என்னையே ஒருமுறை காப்பியைக் கொட்டிவிட்டு எழுப்பி ஓட்டியவர். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் மூச்சுத் திணறி உட்கார்ந்தே தூங்கியவர், மல்லாந்து படுத்துக் குழந்தை மாதிரித் தூங்கினார்.

"இன்னும் அஞ்சு நிமிசம்," என்றார் மச்சான். அப்படிப் பதினைந்து தடவையாவது சொன்னார். நானும் சைமியும் எழுப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பழி மூவருக்கும் சமம்.

பதினொன்றரைக்கு அக்கா கண் விழித்தார். உதைவண்டியில் ஏற்றி மேட்டை விட்டு இறக்கினோம். மூன்றாவது உதையில் சறுக்கு இரண்டும் உள்ளே போயின, எனக்குத் தொடை வரை பனி. அக்காவைத் தூக்கி மேட்டுக்கே கொண்டுவர அரைமணி ஆனது.

நான் வீட்டுக்குப் போய்ச் சறுக்குக் கட்டை கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். தவழ்ந்தும் புரண்டும் ஒரு மணி நேரத்தில் இருநூறு அடி போயிருப்பேன். பனிக்குக் கீழே சதுப்புத் தண்ணீர். நனைந்து நடுங்கித் திரும்பினேன். சைமி என் காலுறையைப் பிழிந்து நெருப்பில் காட்டினாள்.

இனி ஒரே வழி, இரவு உறைய வேண்டும். உறைந்தால் விடிவதற்குள் வீடு. உறையாவிட்டால் நாளைப் பகலும் இங்கேதான். அக்கா தினமும் போடும் மாத்திரைகள் வீட்டு மேசையில் இருந்தன. சட்டைப் பையில் நாக்கு மாத்திரை நாலு. மதியம் ஒன்று போட்டார், மீதி மூன்று.

மூன்று மணிக்குத் தெற்கிலிருந்து மேகம் வந்து மூடியது. மேகம் இருந்தால் உறையாது. மச்சான் மேட்டின் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றார். ஆற்றுக் கட்டைமேல் நின்று நீர்வீழ்ச்சி தாண்டியவர் அவர்.

"நான் கொன்னுட்டேன் மாப்ளே," என்றார் மெதுவாக.

அக்காவுக்குக் காது கூர்மை. "யாரக் கொன்னீங்க? இங்க வாங்க. என் கையுறையக் கழட்டுங்க."

வெறுங்கையை நீட்டிக் காற்றில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். இரண்டு முறை முகர்ந்தார்.

"உறையும்."

"எல்வி, வானம் மூடிக் கெடக்கு."

"கெடக்கட்டும். இருட்டுறதுக்குள்ள வடக்குக் காத்து திரும்பும். நாப்பது வருசம் தெனம் சாயங்காலம் தண்ணி வாளிய வெளிய விடறதா, உள்ள வைக்கிறதான்னு முடிவு பண்ணவ நான். தப்பாச் சொன்னா காலைல தண்ணி உறைஞ்சு வாளி வெடிச்சிருக்கும். எத்தன வாளி வெடிச்சுது நம்ம வீட்டுல?"

மச்சான் யோசித்தார். "ஒண்ணு. எங்கப்பா செத்த வருசம்."

"அது உங்க தங்கச்சி வச்ச வாளி."

"அண்ணி, அத இன்னுமா மறக்கல?" என்றாள் சைமி. அன்று மதியத்துக்குப் பிறகு முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம்.

பட்டுப்போன பைன் மரம் ஒன்றை வெட்டினோம். இரண்டு நீளக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் நெருப்பு வைத்தால் மெதுவாக எரிந்து நெடுநேரம் சூடு தரும். தளிர்க்கிளை பரப்பி அக்காவை நடுவில் படுக்க வைத்தோம். மீன் ரொட்டி நாலு பேருக்கு இரண்டு நாளைக்குக் காணும் அளவு இருந்தது. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் அவர் தப்பியதே இல்லை. இருட்டுகிற நேரத்தில் நெருப்பின் புகை வடக்கே சாய்வது நின்று, தெற்கே சாய்ந்தது. மேகம் ஓர் ஓரத்திலிருந்து சுருட்டிய பாய் மாதிரிப் போனது. மச்சான் புகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

இரண்டரைக்கு மச்சான் இறங்கிக் குதிகாலால் பொருக்கை உதைத்தார். மணி மாதிரிக் கேட்டது.

"எழுந்திருங்க. கெளம்பலாம்," என்றார்.

எல்வி அக்கா எழவில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்துல அதுங்க வரும்."

"தெனம் போடற மாத்திரை போட்டு ஒரு நாள் ஆச்சு. வெளையாடாத."

"நெருப்ப அணைங்க. நான் கெழக்கு நோக்கி உக்காந்துக்கறேன். சட்டியப் பாத்துட்டு வரேன். இல்லன்னா நீங்க மூணு பேரும் கெளம்புங்க, பைய நான் கட்டித் தரேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பனியை அள்ளி நெருப்பில் போட்டேன். இன்றைக்கும் அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அக்கா ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மீதி. உதைவண்டியில் உட்கார வைத்து, தளிர்க்கிளையைச் சுற்றிச் செருகி, நாங்கள் பின்னால் குந்தினோம்.

முதலில் ஒன்று வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, கறுப்பாக ஏதோ பனியில் விழுந்தது போல. பிறகு ஒன்று. பிறகு நாலாப்பக்கமும் சிறகு. வெளிச்சம் வரவர எண்ண முடிந்தது: முப்பத்தாறு. கண்ணுக்கு மேல் ரத்தச் சிவப்பில் புருவம். வால் இரண்டாகப் பிரிந்து வெளிப்பக்கம் வளைந்து சுருள, அதன் நடுவே வெள்ளை இறகு விசிறியாக விரிந்தது. கழுத்தைத் தாழ்த்தி, உடம்பைப் பந்தாக்கிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றின. அந்தக் கொதிக்கிற சத்தம் இப்போது தூரத்தில் இல்லை. எங்களைச் சுற்றி இருந்தது, காலுக்குக் கீழே இருந்தது. பொருக்கு அதிர்ந்தது, சறுக்கு இரும்பு வழியாக அந்த அதிர்வு நாற்காலிக்கு ஏறியது. அக்கா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சேவல் இருபது அடியில் வந்து நின்றது. வாலில் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. எகிறிக் குதித்துச் சீறியது. அக்கா தலையை மட்டும் அசைத்தார், வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் அசைப்பது போல. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னார், அது அவர் பல வருடமாகச் சத்தத்தை வைத்து அடையாளம் வைத்திருந்த கிழவனின் குரல், எப்போதும் கடைசியில் ஆரம்பித்து எல்லோரையும் திட்டுகிறவன்.

சூரியன் விளிம்பைக் காட்டியதும் முப்பத்தாறும் ஒரே நேரத்தில் அமைதியாயின. அவை ஏன் அப்படிச் செய்கின்றன என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் சைமி தொப்பியைக் கழற்றியிருந்தாள். மச்சான் பறவைகளைப் பார்க்கவில்லை. ஆயிரம் தடவை பார்த்தவர். அவர் எல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கொதிக்க ஆரம்பித்தது, மறுபடி எல்லாம்.

அஞ்சு மணிக்கு அக்காவே கையைத் தூக்கினார், போகலாம் என்று. திரும்பும்போது பொருக்கு அவ்வளவு கெட்டி, வண்டி தானாகவே ஓடியது. வீட்டு முற்றத்தில் மச்சான் தொழுவக் கதவருகே நின்றார். மூச்சு வாங்கியது. சுவரில் நாலு ஜோடிச் சறுக்குக் கட்டைகளும் அப்படியே சாய்ந்து நின்றன.

அக்கா மூடிய தொழுவக் கதவையும் கிழக்கு வெளிச்சத்தையும் பார்த்தார். "இந்த நேரத்துல நான் வாளி இல்லாம முத்தத்துல நின்னதே இல்ல," என்றார். பிறகு, "மாத்திரையக் கொண்டாங்க. அப்புறம் காப்பி."

பன்னிரண்டு நாள் கழித்து நெஞ்சைத் திறந்தார்கள். பிழைத்து எழுந்தார். மே கடைசியில் வீட்டுக்கு வந்தார், வெளுத்துப்போய், மெலிந்து. ஜூலையில் நானும் மச்சானும் முதல் ஹில்லாக் கூடையோடு வந்து, பழக்கத்தில் அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினோம். அவர் மோந்து பார்க்கவில்லை. கூடையை ஒதுக்கினார்.

"நானே வரேன்," என்றார்.

கோடையில் பொருக்கு ஏது? மறுநாள் காலை விறகுக் கொட்டகையில் மச்சானின் ரம்பச் சத்தம் கேட்டது. மூன்று வாரம் ஆனது. பைன் கட்டைகளைப் பிளந்து, வீட்டு முற்றத்திலிருந்து ஹெய்னாசுவோவின் ஓரத்தில் இருந்த எங்கள் ஹில்லா இடம் வரை பலகைப் பாதை போட்டார். பால் கேன்களை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்று தொழுவத்தில் சும்மா கிடந்தது. பாதையை அந்த வண்டியின் அகலத்துக்கு அளந்து போட்டிருந்தார்.

பதினோரு வருடம் எல்வி அக்கா அந்தப் பால்வண்டியில் உட்கார்ந்து சதுப்புக்குப் போனார். பையை மடியில் வைத்துக்கொள்வார். ஏப்ரலில் உதைவண்டி, கோடையில் பால்வண்டி. அந்தப் பாதை போட்ட பிறகு எங்கள் ஹில்லா இடம் ஊருக்கே தெரிந்துபோனது, நேராக அதன் முன்னால் போய்த்தானே நிற்கிறது. எல்லோரும் வந்து பொறுக்கினார்கள். மச்சான் அதற்காக ஒருவரையும் முறைத்து நான் பார்க்கவில்லை.